பின் டயருக்கு நாற்பது

ஜூலை 2, புதன்

அப்பா தலையசைத்துவிட்டார்! வாயால் "சரி" என்று சொல்லவில்லை. ஆனால் தலை அசைந்தது. நான் பார்த்தேன், அம்மா சாட்சி. 26ஆம் தேதி கங்கைகொண்டானில் நடக்கும் ஆட்டோகிராஸுக்கு எங்கள் பழைய மாருதி ஜென் கார் போகிறது. லாரிகள் நிற்கும் சிமெண்ட் திடலில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். எதிரி கடிகாரம். கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி தண்டனை.

அப்பாவின் நிபந்தனை இரண்டு. மறுநாள் ஞாயிறு காலை ஆராதனைக்குக் கார் நாலு சக்கரத்தோடு கோயில் வாசலில் நிற்க வேண்டும். ஸ்பிரிங்கில் கை வைக்கக் கூடாது. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தலாம் என்று ஷிபின் அண்ணன் ஆரம்பித்ததுமே, "வெட்டுலே. கோயில் வாசல் வேகத்தடையில உங்கம்மையை இறக்கிவிட்டுத் தள்ளிட்டு வா" என்றார்.

போட்டி நடத்துபவர்களின் விதி ஒன்று: ஒரு காருக்கு ஒரு பெயர்தான். அண்ணனுக்கு இருபத்துமூன்று வயது, அந்தத் திடலுக்குப் பக்கத்துக் கம்பெனியில்தான் வேலை. எனக்குப் பதினெட்டு. லைசென்ஸ் இன்னும் சூடு ஆறவில்லை. 19ஆம் தேதி இருவரும் ஓட்டிப் பார்ப்பது, வேகமானவர் பெயரைக் கொடுப்பது என்று முடிவு.

"சாலோமி, உனக்குக் கொடி ஆட்டுத வேலை இருக்கு, கவலப்படாத" என்கிறான்.

ஆட்டத்தான் போகிறேன். அவனை.

ஜூலை 5, சனி

மேலப்பாளையத்தில் அலி அஸ்கர் பாயின் டயர் கடை. அண்ணனுக்கு 175/70தான் வேண்டுமாம். "அகலமா, கெத்தா இருக்கும்ட்டி." எங்கள் காரோடு வந்தது 145/70. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: அவன் கேட்கிற டயர் நாலு சென்டிமீட்டர் உயரம் அதிகம். டயர் உயர்ந்தால் இழுவை குறையும். இரண்டாம் கியரிலேயே ஓடும் பாதையில் ஒவ்வொரு வளைவிலிருந்தும் கார் முக்கி முனகித்தான் எழும். 155/65 என்றால் உயரம் அப்படியே, அகலம் மட்டும் ஒரு சென்டிமீட்டர் லாபம்.

அண்ணன் கேட்பானா? பாய் ஒரு பழைய 175ஐ மாட்டி, ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பச் சொன்னார்.

கர்ர்ர்ர். டயர் மட்கார்டின் உள்தகட்டில் உரசியது.

"தம்பி, பெரிய செருப்பு போட்டா வெரசலா நடக்கலாம்னு யாருப்பா சொன்னா?"

155/65, நாலு. பழைய ஷாக் அப்சார்பர் கசிந்திருந்ததால் அதற்கும் புதுசு, கொஞ்சம் கெட்டியான ரகம். ஸ்பிரிங் மட்டும் பத்திரம்.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகும் வழியில் அம்மா: "ஏன் கார் இந்தக் குதி குதிக்கு?" அண்ணனும் நானும் ஒரே குரலில்: "ரோடு சரியில்லம்மா." பொய்யில் மட்டும் எங்களுக்குள் என்ன ஒற்றுமை!

ஜூலை 12, சனி

திடலில் முதல் பயிற்சி. கார் பாய்கிறது, ஆனால் திரும்ப மாட்டேன் என்கிறது. ஸ்டீயரிங்கை வளைத்தால் முன்பக்கம் நேராக வழுக்கிப் போய்க் கூம்பை முத்தமிடுகிறது. இருவருக்கும் சேர்த்துப் பதினொரு கூம்பு. (எனக்கு ஆறு. நாட்குறிப்பில் பொய் எழுதக் கூடாது.)

அண்ணன் ஒரு வித்தை கற்று வந்திருக்கிறான். டயரின் விளிம்பிலிருந்து பக்கவாட்டுக்கு சாக்பீஸால் ஒரு கோடு. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு எவ்வளவு அழிந்திருக்கிறதோ டயர் அவ்வளவு மடங்கித் தரையில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நிறைய அழிந்தால் காற்றைக் கூட்ட வேண்டும். அழியவே இல்லையா, குறைக்க வேண்டும். இப்போது காற்று முன்னால் 34 பவுண்டு, பின்னால் 30.

அம்மா டீச்சர். டப்பாவிலிருந்து நாலு சாக்பீஸ் எடுத்தேன், கேட்டால் சொல்ல ஒரு சாக்கும் எடுத்துவைத்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஹி.

ஜூலை 19, சனி

நடந்தது நடந்தபடி.

நான் முதலில். மூன்று சுற்றில் சிறந்தது 48.6 விநாடி. ஒரு கூம்பும் விழவில்லை! அடுத்து அண்ணன். முதல் சுற்று 49.1. அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரம், கட்டைவிரலை எச்சில் தொட்டு, பின் டயர் இரண்டிலும் கோட்டைப் பாதி அழித்தேன்.

"ஏட்டி, பின் டயர் இப்படி மடங்குதே!"

"ஐயையோ, ஆமாண்ணே."

பம்பை எடுத்துப் பின்னால் 40 வரை ஏற்றினான். டயர் கல்லாகும், பிடி விடும், கார் பம்பரமாய்ச் சுழலும், நான் ஜெயிப்பேன். இதுதான் திட்டம்.

பம்பரமேதான்! இரண்டாம் சுற்றில் கார் கிறுகிறுவென்று சுழன்று, வந்த வழியையே பார்த்து நின்றது. வாட்ச்மேன் பரமசிவன் அண்ணாச்சி "இன்னொருக்கா காட்டும் வே" என்று கைதட்டினார். நான் சிரித்த சிரிப்பில் ஸ்டாப்வாட்ச் கீழே விழுந்தது.

மூன்றாம் சுற்று. 46.9.

நாற்பத்தாறு புள்ளி ஒன்பது!! பின்பக்கம் லேசாக வழுக்க, கார் மூக்கைத் தானாகத் திருப்பிக்கொண்டது. முன்பக்கத்து நோய்க்கு மருந்து பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. கண்டுபிடித்தது என் கட்டைவிரல். யாரிடம் போய்ப் பெருமையடிக்க?

பெயர் கொடுத்தாச்சு. ஷிபின்.

ஜூலை 20, ஞாயிறு

பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை. கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 26, சனி

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

இருபத்திரண்டு கார். ஆளுக்கு மூன்று சுற்று, அதில் சிறந்தது கணக்கு. இன்றைய பாதை நீளம். அண்ணனின் முதல் சுற்று 53.8, நான்காம் இடம்! கத்திக் கத்தி என் தொண்டை போச்சு.

பிறகு அவன் குனிந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தான். பின் டயரில் போட்ட கோடு போட்டபடி இருந்தது. இருக்காதா? இன்று யாரும் அழிக்கவில்லையே.

"காத்து ஜாஸ்தி" என்று பழையபடி 30க்கு இறக்கினான்.

"நாப்பதே இருக்கட்டும்ண்ணே."

"ஏன்?"

ஏன்? அதைச் சொன்னால் மாட்டுவேன். சொல்லவில்லை. இரண்டாம் சுற்று: கார் திரும்பவே இல்லை, மூன்று கூம்பு போச்சு. மற்றவர்கள் முந்த, ஏழாம் இடம். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குத்தான் ஓட்டத் தெரியல. உன் பேரையே குடுத்திருக்கணும்ட்டி" என்றான்.

அய்யோ, அதைக் கேட்டதும் எனக்கு என்னமோ போல ஆயிட்டு. திட்டியிருக்கலாம்லா? திட்டாம அப்படிச் சொன்னா நான் என்ன செய்ய? எல்லாத்தையும் கொட்டிட்டேன். எச்சில், கட்டைவிரல், கோடு, எல்லாம்.

"என்னட்டி சொல்லுத?"

என் கட்டைவிரலைப் பார்த்தான். டயரைப் பார்த்தான். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"நாப்பதா, நாப்பத்திரண்டா?"

நாற்பத்திரண்டு. 52.6. மூன்றாம் இடம்!!! கோப்பை டீ டம்ளர் அளவுதான், ஆனாலும் கோப்பை. திரும்பும்போது தாழையூத்தில் அண்ணன் என் பக்கம் திரும்பினான். இரண்டே வார்த்தை: "உனக்கு இருக்கு."

ஆகஸ்ட் 11, திங்கள்

அடுத்த போட்டிக்கான விண்ணப்பம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஓட்டுபவர் பெயர்: தே. சாலோமி. அண்ணன் கையெழுத்து. அவன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். நான் அதை நாலு தரம் வாசித்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

திடலிலிருந்தே எழுதுகிறேன். முதல் சுற்று முடிந்தது, ஆறாம் இடம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், முன் இடது டயரில் சாக்பீஸ் கோடு பாதி அழிந்திருக்கிறது. அழிந்த ஓரத்தில் கிரீஸ் ரேகை, என் விரலைவிட இரண்டு மடங்கு அகலம்.

அண்ணன் வானத்தைப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருக்கிறான். "ஏட்டி, முன் டயர் மடங்குதோ?"

"ஆமாண்ணே, ரொம்ப."

என் கட்டைவிரல் கோப்பை வாங்கித் தந்தது, அவன் விரலையும் பார்த்துவிடலாம் என்று பம்பை எடுத்து இரண்டு பவுண்டு கூட்டினேன். என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.