சீட்டில் எழுதிய அளவு

பெங்களூர், 12.8.2003

அன்புள்ள அப்பாவுக்கு வேல்விழியின் வணக்கம். நான் நலம்.

இணையத்தில் பலர் எழுதிப் போடும் செய்திக்குழுக் கட்டுரைகள் எங்கள் ஆபீஸின் சர்வர் கணினிக்குக் கட்டுக்கட்டாக வரும். ஒரு கட்டளை கொடுத்தால் தனித்தனியாகப் பிரியும். ஒவ்வொன்றின் மேலும் அதன் அளவு எழுதியிருக்கும். நேற்று அந்த அளவு தவறாக இருந்தது. கட்டளை அதை நம்பிக் கட்டுரைகளைப் பாதியில் வெட்டிவிட்டது. சரிபார்க்காமல் விட்டதற்கு லேசாகத் திட்டு வாங்கினேன்.

பட்டாசுப் பெட்டி கட்டும்போது, "சீட்ட நம்பாத தாயி, பிரிச்சு எண்ணிப் பாரு" என்பீர்களே, அது நினைவுக்கு வந்தது. உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். 'எல்லோரும் சுகம்' என்று இருக்கிறது. ஆனால் கையெழுத்து உங்களுடையது இல்லை, தம்பி முனியராஜுடையது. போன மாதமும் அவனுடையதுதான். பட்டாசு மருந்து கலக்கும் அறைக்கு உங்களை மாற்றிய பிறகுதான் இப்படி.

சாத்தூர் சேவு கொஞ்சம் அனுப்புங்கள். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. பொட்டலத்தின் மேல் விலாசத்தை மட்டும் உங்கள் வலது கையாலேயே எழுதுங்கள், அப்பா.

வேல்விழி