இருபது வினாடி

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் மத்தியானக் காவல் எனக்கு. ஏனென்றால் இந்த வீட்டில் வேலைவெட்டி இல்லாதவன் நான் ஒருத்தன்தான். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு மத்தியானம் என்ன கிழிக்கிற வேலை? அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, ஞாயிறு மட்டும் வருவார். காலையில் அக்கா, சாப்பாட்டுக்கு அப்புறம் நான். ஆஸ்பத்திரித் தொட்டிலில் ஒயர் ஒட்டிக்கொண்டு பொடிசு – எட்டு வாரம் முன்னாடியே அவசரப்பட்டுப் பிறந்த அக்கா மகள்.

நுரையீரலில் கோளாறு இல்லையாம். மூளையின் அடித்தண்டில் ஓரிடம், ‘இழு, விடு’ என்று நரம்பு வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கணும். அவளுக்கு அது இன்னும் முற்றவில்லை. நடுநடுவே சொல்ல மறந்துவிடுகிறது.

“உங்கள மாதிரிதான் தம்பி, பாதி க்ளாஸ்ல எந்திரிச்சுப் போயிடுது” என்றார் நர்ஸ்.

சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது.

மூச்சைத் தூண்டுகிற மருந்தை இன்று நிறுத்திவிட்டார்கள். காபியில் இருக்கும் அதே சங்கதிதானாம். இனி ஐந்து நாள் அலாரம் அடிக்கக்கூடாது. அடிக்காவிட்டால் ஞாயிறு வீடு. மூச்சு இருபது வினாடி நின்றால் அடிக்கும். அடித்தால் மறுபடி பூஜ்யம்.

மார்ச் 5

அடிக்கவில்லை. முதுகு வலி.

மார்ச் 6, வியாழன்

நின்றது. வயிறு எழும்பவில்லை. எண்ணினேன். பன்னிரண்டில் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டேன். உதறினாள், இழுத்தாள். யாரும் பார்க்கவில்லை. நல்லதுதானே செய்தேன்?

மார்ச் 7, வெள்ளி

இன்னும் இரண்டு தடவை. விட்டிருந்தால் அவளே இழுத்திருப்பாளா? தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தானே ஐந்து நாள் வெச்சிருக்காங்க! நான் கையை வெச்சுக் கெடுத்துட்டேன்.

அக்கா சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குகிறாள். “நாளன்னிக்கு என் கட்டில்ல படுப்பேன்டா” என்று சிரித்தாள். இவளிடம் எப்படிச் சொல்ல? சொல்லாவிட்டால் – வீட்டில் ராத்திரி எவன் உட்கார்ந்து எண்ணுவான்?

மார்ச் 8, சனி

சொல்லிட்டேன். நர்ஸிடம்தான் முதலில்.

“எத்தன தடவ?”

“மூணு.”

“எங்களக் கூப்பிடாம நீங்களா எதுக்குக் கை வெச்சீங்க?”

நாள் கணக்குப் பலகையில் 4 என்று இருந்ததை டாக்டர் அழித்து 0 போட்டார்.

அக்கா, கட்டி வைத்த பையைப் பார்த்தாள். “ஒண்ணயாவது உருப்படியா முடிச்சிருக்கியாடா? சும்மா உக்காரக்கூடத் தெரியல. போ வெளிய.”

போனேன்.

மார்ச் 9, ஞாயிறு

வெளி பெஞ்சில் இருந்தேன். பதினொன்றே காலுக்கு உள்ளே அலாரம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன் – உதடு நீலம். நர்ஸ் காலைத் தேய்த்தார், முதுகைத் தேய்த்தார். ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல. மூக்கு வாய்மேல் மாஸ்க்கை வைத்து, அதன் ரப்பர் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தார். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை.

“இந்நேரம் கார்ல போயிட்டிருப்போம்” என்றார் மாமா.

அக்கா வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

இந்தத் தடவை ஏழு நாளாம்.

மார்ச் 11

மறுபடி நின்றது. நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு, கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். அவர் வருவதற்குள், ஒன்பதில், அவளே இழுத்துக்கொண்டாள். எனக்குத்தான் சட்டை நனைந்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

ஏழு முடிந்தது. கையெழுத்தெல்லாம் ஆயிற்று. அக்கா இப்போதே பாதித் தூக்கத்தில் இருக்கிறாள். “பின் சீட்ல அவகூட நீ உக்காரு. நான் முன்னாடி தூங்கப்போறேன்” என்றாள். லீவு போட்டு வந்த மாமா ஹாரன் அடிக்கிறார். போகணும்.