உட்கார்ந்தபடி கும்பிட்டாலும் சாமிக்குக் கேட்கும்

மேற்பிரிவு லயம்,
மஸ்கெலியா.
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் கிருஷாந்திக்கு,

மஸ்கெலியா மழைக்குள்ளிருந்து உன் சித்தப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் சித்தியும் ஒழுகாத கூரைக்குக் கீழே சுகமாக இருக்கிறோம், அதேபோல் கனடாவில் நீயும் மாப்பிள்ளை தனுஷனும் பிள்ளைகள் இருவரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் உன் சித்தி கேட்டுக்கொள்கிறாள், நானும் அவளுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். வெள்ளிக்கிழமை போனில் நான் சொல்ல வந்ததை நீ முழுதாகக் கேட்டாயா? அடுத்த மாதம் மூன்று குடும்பம் சேர்ந்து பெரிய ஏரிக்குப் போகிறோம், அக்கரை கண்ணுக்கே தெரியாதாம், போட் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டப் போகிறோம், எட்டுப் பேர் போகிற போட்டில் ஒன்பது பேர்தான் என்று சந்தோசமாகச் சொன்னாய். நான் வாயைத் திறந்ததும் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து, மாமா, இதெல்லாம் நாங்க யூடியூப்ல பாத்துட்டோம், நீங்க பயப்படாம தேத்தண்ணி குடிங்க என்றார். நீயும் சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. எழுதி முடித்ததும் என் கூட்டாளி அலியார் நானாவின் மகன் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாக வாசி. அண்ணனும் அண்ணியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போன பிறகு மூன்று வயதில் உன்னைத் தோளில் தூக்கியவன் நான். உனக்கு அப்பன் நான்தான், ஆகையால் எந்தத் தேசத்தில் இருந்தாலும் என் அதட்டலை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கே பன்னிரண்டு நாளாக விடாத மழை. டேம் நிரம்பி வழிகிறது, தண்ணீர் விழும் சத்தத்தில் நோர்வூட் கடைகளில் கண்ணாடி போத்தல்கள் ஆடியதாம், நான் சொல்லவில்லை, பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். உன் சித்தியின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஹட்டனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், அவர் என்னைப் பார்த்து இந்த வயதில் உங்களுக்கு இப்படி உடம்பா என்று எழுந்து நின்றுவிட்டார். சித்தியின் முழங்காலுக்கு எண்ணெய்தான் கொடுத்தார். லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்ட போஞ்சிக் கொடியை நத்தை தின்னவில்லை, மழைதான் தின்றது. பேச்சியம்மா நட்டது ஒன்றும் வீண்போகாது என்று உன் சித்தி தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் நட்டிருக்கிறாள்.

இப்போது ஏரி விசயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை கொட்டகலைக்காரர், அவருக்குத் தண்ணீர் என்றால் மலையிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீர்தான். எங்கள் டேமுக்கு அடியில், அதைக் கட்டியபோது முழுகிய பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கிறது, கோயில், பள்ளிவாசல், விகாரை, கடைத்தெரு எல்லாம். கடும் வெயில் வருடத்தில் தண்ணீர் வற்றினால் கோயில் வெளியே வரும், ஊரே நடந்துபோய்ப் பூசை வைத்துவிட்டு வரும். நான் அந்தத் தரையில் எத்தனை தடவை நடந்தவன், எந்தச் சுவர் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதுதான் என்னைக் கெடுத்தது. போன வருடம் பங்குனியில் தண்ணீர் பாதிதான் இறங்கியிருந்தது, கோயிலின் தலை மட்டும் தெரிந்தது, நடந்து போக வழியில்லை. மீன் பிடிக்கிற கிஷாந்திடம் ஃபைபர் போட்டைக் கேட்டேன். மாமா, ஜாக்கெட் அஞ்சுதான் இருக்கு, அஞ்சு பேரு மட்டும் போங்க, கரையோரமாவே போங்க, மலையில மேகம் ஏறுனா திரும்பிருங்க என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான். தேயிலை அரைக்கிற இஸ்டோரில் முப்பத்து நான்கு வருடம் ரோலர் ஓட்டினவனுக்கு இந்தச் சின்ன மோட்டரா பெரிது? டேய், நீ தண்ணிக்கு மேலதான் போயிருக்க, நான் அடியிலயே நடந்தவன்டா என்றேன். நானும் சித்தியும் அலியார் நானாவும் பக்கத்து வீட்டு வேலாயியும் அவள் புருசனும் அவள் பிள்ளைகள் இரண்டும், ஏழு பேர் ஏறினோம். பிள்ளைகள் இரண்டும் ஆள் கணக்கில் வராது என்று நானே சொன்னேன். மாப்பிள்ளை, உங்கள் கணக்கை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறதா?

ஜாக்கெட்டைப் போட்டது அலியார் நானா ஒருவர்தான். மற்றதெல்லாம் பலகையில் விரித்து மெத்தை ஆக்கினோம், சித்தியின் புதுச் சேலை நனையக்கூடாதல்லவா. நானா, மீனுங்க ஒங்கள பாத்துப் பயந்துரும் என்று நான் கேலி செய்தேன். மீன் பயந்தா பரவாயில்ல வீரய்யா, நான் பயப்படாம இருக்கணும்ல என்றார் அவர். நான் கரையோரமாகவா போனேன், நடு டேமைக் குறுக்கே வெட்டிப் போனேன். கோயில் கிட்டத்தில் வந்ததும் என்ன நடந்தது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், இஸ்டோர் கூரை உயரத்துக்கு ஒரு அலை எழுந்து வந்தது என்று. இதை நான் எழுதிக்கொண்டே வாய்விட்டு வாசிக்க, உன் சித்தி அடுப்படியிலிருந்து, கடுதாசியிலயுமா என்கிறாள். சரி, அலை வரவில்லை. தண்ணீர் தட்டில் ஊற்றிய பால்போல் இருந்தது. கோயிலைக் கண்டதும் அரோகரா என்று எல்லோரும் எழுந்து நின்றோம், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினோம், கோயில் இருந்த பக்கமாகவே எல்லோரும் சாய்ந்தோம். அவ்வளவுதான். காற்றுமில்லை மழையுமில்லை, போட்டைக் கவிழ்க்கப் பார்த்தது எங்கள் பக்திதான். வேலாயி பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு உள்ளே விழுந்தாள், உன் சித்தி வெளியே விழுந்தாள்.

மகளே, கல்யாணம் கட்டி முப்பத்தெட்டு வருடத்தில் உன் சித்தி என் பெயரைச் சொன்னதில்லை. இந்தாங்க, கேக்குதா, அவ்வளவுதான். அன்றைக்குத் தண்ணீரிலிருந்து வீரய்யா என்று கத்தினாள். நான் சுறாமீன்போல் பாய்ந்தேன் என்றுதான் ஊரில் பேச்சு, பேச வைத்தவன் நான். பாயவில்லை. போட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதேன். அலியார் நானாதான் படுத்துக்கொண்டு துடுப்பை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அவ்வளவு குளிர், ஐந்து நிமிசத்துக்கு மேல் அவள் விரல் மடங்கியிருக்காது. பிறகு கிஷாந்த், நீங்க குதிச்சிருந்தா ரெண்டு பேரத் தேடியிருக்கணும் மாமா, குதிக்காததுதான் நீங்க அன்னிக்கு செஞ்ச ஒரே ஒழுங்கான வேல என்றான். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு வருடம் நான் அவனோடு வலை இழுத்து, காற்று எங்கே திரும்பும், போட் எங்கே சாயும் என்று படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் அறுபத்து மூன்று வயதில் மறுபடி படித்தேன், அதிலும் முதலாம் பிள்ளை நான்தான்.

இந்த வருடம் பங்குனியிலும் அதேபோல் கோயிலின் தலை தெரிந்தது. கோயில் கமிட்டித் தலைவர் கஜேந்திரன் இரண்டு போட்டுக்கு ஏற்பாடு செய்து ஒன்றை என்னை ஓட்டச் சொன்னார். ஜாக்கெட் போடாதவன் ஏறக்கூடாது, ஏறினவன் எழும்பக்கூடாது என்று கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏண்ணே, கோயிலப் பாத்து ஒக்காந்துக்கிட்டுக் கும்புடுறதா, சாமி குத்தமாயிரும் என்று கஜேந்திரன் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். சாமி குத்தம் வந்தா என் தலையில வரட்டும், தண்ணி குத்தம் வந்தா ஒங்க புள்ளைங்க தலையிலல்ல வரும், உட்கார்ந்து கும்புட்டாலும் சாமிக்குக் கேக்கும் என்றேன். முக்கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் அவரும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு என் போட்டில்தான் ஏறினார். பாதி தூரம் போகும்போது சிவனொளிபாத மலையில் மேகம் ஏறியது. கோயில் கண்ணுக்குத் தெரிகிறது, பூசைத் தட்டு மடியில் இருக்கிறது, நான் போட்டைத் திருப்பினேன். கஜேந்திரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே என் பரம்பரையைத் திட்டினார். மற்றப் போட் போய்ப் பூசை வைத்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தது. காற்று வரவே இல்லை கிருஷாந்தி. மேகம் கலைந்து அன்று பின்னேரம் முழுக்க நல்ல வெயில். காற்று வந்தது என்று ஒரு வரி எழுத எனக்குத் தெரியாதா? மரம் முறிந்தது, தகரம் பறந்தது என்று நாலு பக்கம் எழுதுவேன். இதில் மட்டும் எழுதமாட்டேன், ஏனென்றால் காற்று வந்தால்தான் நான் திரும்பியது சரி என்று ஆகிவிடும். வராவிட்டாலும் சரிதான். இப்போது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் என் பெயர் திரும்பி வந்த கப்டன். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள்கூட, கப்டன், இன்னிக்கு மலையேறலாமா, இல்ல திரும்பிரலாமா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அடுத்த பங்குனியிலும் மேகம் ஏறினால் திருப்புவேன். அவர்கள் ஊர்வலம் வைத்துச் சிரித்தாலும் திருப்புவேன்.

ஆகையால் நீ கேட்டுக்கொள். ஒன்பது பேர் ஒரு போட்டில் ஏறக்கூடாது. இன்னொரு போட் எடுங்கள், இல்லை என்றால் ஒரு குடும்பம் கரையில் இருந்து சமைக்கட்டும், மாறி மாறிப் போங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவு ஜாக்கெட் கேட்டு வாங்கு, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார், ஜாக்கெட் காதுக்கு ஏறினால் அது பெரிது, நம் சின்னவள் நிலக்ஷி அதற்குள்ளிருந்து மீன்குஞ்சுபோல் நழுவிப் போவாள். காலுக்கிடையில் ஒரு பட்டி இருக்கும், அதையும் மாட்டு. பெரியவர்களும் போட வேண்டும், மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று நீ சொல்வாய், எனக்கும் தெரியும். அங்கே வெயில் காலம் என்று நினைக்காதே, மேலே வெயில், ஏரிக்குள்ளே பனிக்காலம்தான் இருக்கும். போட் கொடுக்கிறவனிடம் காற்று எந்த நேரம் வரும், எங்கே கல் இருக்கிறது, எங்கே போகக்கூடாது என்று கேள், அங்கே மீன் பிடிக்கிற கிழவர் யாராவது இருந்தால் அவரையும் கேள், யூடியூப் அந்த ஏரியில் முழுகினதில்லை. காலையிலேயே போய் மத்தியானத்துக்குள் வாருங்கள். கரையை விட்டுப் போகாதீர்கள், போகும்போதே அடிக்கடி திரும்பிப் பார், வருகிற வழி போகிற வழிபோல இருக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ, நேரம் தப்பினால் அவர் ஆள் தேட வேண்டும். போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டு, எல்லோர் கழுத்திலும் ஒரு விசில் தொங்கட்டும். மாப்பிள்ளையின் நண்பர்கள் பியர் போத்தல் கொண்டு வருவார்கள், அதைக் கரையில் இறங்கின பிறகு உடைக்கச் சொல். எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திருப்புங்கள். யாராவது விழுந்தால் குதிக்காதே, துடுப்பை நீட்டு, கயிற்றை எறி. போட் கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தப் போகாதே, அதையே பிடித்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்திருங்கள். முக்கியமாக அழகான ஒன்றைக் கண்டால் எழும்பாதே. உங்களுக்கு அங்கே கோயில் இருக்காது, ஆனால் போன் இருக்கிறதே, ஒரு தீவைக் கண்டதும் ஒன்பது பேரும் எழுந்து ஒரே பக்கமாகச் சாய்ந்து செல்ஃபி எடுப்பீர்கள், அது எனக்கு இங்கேயே தெரிகிறது.

மற்ற இரண்டு குடும்பத்துக்கு முன்னால் இதையெல்லாம் சொல்ல உனக்கு வெட்கமாக இருக்கும். நீ சொல்லாதே, என் மேல் பழியைப் போடு. மஸ்கெலியாவில் எங்கள் சித்தப்பா ஒருத்தர் இருக்கிறார், பெரிய கப்டன், அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், போட்டைத் திருப்புங்கள் என்று சொல். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும், ஒரு நாள் கோபம் ஒரு நாளில் போகும். உன் சித்தி இப்போது அடுப்பை விட்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள், தன் பங்குக்கு ஒரு வரி எழுதச் சொல்கிறாள். அவரு சொல்றதுல பாதி பொய்யா இருக்கும் புள்ள, இது அந்தப் பாதி இல்ல, கேட்டுக்க என்கிறாள். எழுதிவிட்டேன்.

முருகன் உங்கள் நாலு பேருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும், இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மாப்பிள்ளைக்கு முதலில் புத்தியைத் தரட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நடு ஏரியிலிருந்து எனக்குப் படம் அனுப்பாதே, நான் பார்க்கமாட்டேன். திரும்பி வந்து இறங்கின பிறகு, எல்லோரும் கரையில் நின்று, ஈரச் செருப்போடு எடுத்த படம்தான் எனக்கு வேண்டும். இந்தக் கடிதத்தைக் கேட்டுச் சிரிக்கிறவர்களும் அந்தப் படத்தில் இருக்கட்டும், தலை எண்ணிப் பார்ப்பேன், ஒன்பதும் இருக்க வேண்டும். சிரிக்கிறவர்கள் கரையில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
திரும்பி வந்த கப்டன்,
உன் சித்தப்பா வீரய்யா.