பச்சை மையில் முதல் கையெழுத்து

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய இடது முழங்கால் மூன்று பேரும் சௌக்கியம். மூன்றாவது ஆள் மட்டும் படி ஏறும்போது கொஞ்சம் முனகுகிறார். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் மூக்கு ஒழுகாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்தம் போடுவாள், காகிதத்தில் நான் வைத்ததுதான் சட்டம்.

மாரியம்மன் கோயில் வளைவில் நின்றுகொண்டிருந்த நம் டவுன் பஸ், போன புரட்டாசியிலிருந்து கரும்பு எடைமேடைக்குப் போய்த்தான் நிற்கிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா. வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர். உன் அம்மா வாரம் இரண்டு முறை முழங்காலுக்குக் கரண்ட் வைத்துக்கொள்ளக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறவள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நடைக்குத்தான் கட்டணம். நான் வண்டியில் கொண்டுபோய் விடலாம் என்றால், என் கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீதான் டிவிஎஸ் சாவியைப் பிடுங்கி உன் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். சோறு போடும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பேச்சு. "எவன் இந்த பஸ்ஸ தூக்கிகினு போயி அங்க வெச்சானோ, அவன் முட்டி தேயணும்" என்பாள். நானும் நன்றாகக் கேள் என்று சொல்லிக்கொண்டே ரசத்துக்குக் கையை நீட்டுவேன்.

மார்கழியில் ஒரு நாள் கோபம் வந்து, பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் கிளார்க் சிவசங்கரிடம் சண்டை பிடித்தேன். அந்தப் பையன் மே மாதக் கிராம சபை நோட்டை எடுத்து விரித்தான். கரும்பு வெட்டு நேரத்தில் டிராக்டர் நெரிசலாக இருப்பதால் பேருந்து நிறுத்தத்தை எடைமேடைக்கு மாற்றக் கோரி ஒரு தீர்மானம். அதற்கடியில் முதல் கையெழுத்து, பச்சை மையில். "இன்னா பெரீப்பா, இது யாருதுன்னு தெரியுதா" என்றான். ஊரில் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற ஒரே ஆள் நான்தானே. அதிகாரிகள் போடுகிற மை உனக்கு எதற்கு என்பவர்களிடம், என் வீட்டு அதிகாரி பெயரே பச்சையம்மாள், அந்தச் சான்றொப்பம் இல்லாவிட்டால் நான் செல்லுபடியாக மாட்டேன் என்பேன். அன்றைக்கு நோட்டை நானே மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நடந்தது இதுதான். கிராம சபை அன்று, கூட்டம் கூடுவதற்கு முன்பே நோட்டு டீக்கடைக்கு வந்துவிடும். ராஜாங்கம் போட்டால் எல்லாரும் போடுவார்கள் என்று என்னிடம்தான் முதலில் நீட்டுவார்கள். அந்தப் பெருமையில் போட்டுவிட்டு, வடையைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். எழுபத்தேழில், இருபத்தொரு வயதில் முதல் ஓட்டுப் போட்டவன், அதற்குப் பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை என்று உன்னை எத்தனை தடவை அறுத்திருப்பேன். ஆனால் ஒரு கிராம சபையில்கூடக் கடைசிவரை உட்கார்ந்ததில்லை. எங்கள் செட்டே அப்படித்தான். விரல் மையோடு கடமை முடிந்தது என்று நினைத்தேன், பேனா மையில் வழுக்கி விழுந்தேன். அதைவிட, ஆபீசிலிருந்து வந்த அன்று வீட்டில் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை பார், அதுதான் எனக்கே வெட்கம். அறுபத்தொன்பது வயதில், அன்றைக்கும் நன்றாகக் கேள் என்று சொல்லி ரசத்துக்குக் கையை நீட்டினேன்.

ஜனவரி இருபத்தாறு கிராம சபைக்கு டீக்கடை வழியாகப் போகாமல் நேரே போய் உட்கார்ந்தேன். உன் அம்மாவும் வந்து பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றேன். "பஸ்ஸ மாத்தின தீர்மானத்துல மொத கையெழுத்து என்னுது. படிக்காம போட்டேன். திருத்தி எழுதணும்" என்றேன். பிறகு பின்னாலிருந்து பிச்சைமுத்து, தானும் படிக்காமல்தான் போட்டதாகச் சொன்னான், வடை சூடாக இருந்ததாம். அப்புறம் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். பஸ் இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும் என்று புதுத் தீர்மானம் ஆயிற்று. அப்போதுதான் உன் அம்மா பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு முகம் வந்தது. "இப்பவாச்சும் வாய தொறந்தீங்களே. ஐப்பசியிலயே போயி நோட்ட பாத்துட்டேன். எவன்னு தெரியாமலா இத்தினி நாளா திட்டினேன்?" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு கல்வராயன் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

நோட்டு கைக்கு வந்ததும் அவள் கையெழுத்துப் போடவில்லை. முதலிலிருந்து வாசித்துக் காட்டு என்று சிவசங்கரிடம் சொன்னாள். அவன் கடகடவென்று ஓட்டினான். மெல்லப் படிடா, நீ நிறுத்தத்தில் நிற்காமல் போகிறாய் என்று அதட்டினாள். கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, அவள்தான் முதல் கையெழுத்துப் போட்டாள்.

தீர்மானம் டிப்போவுக்குப் போயிருக்கிறது, பஸ் இன்னும் வளைவுக்கு வரவில்லை. வரும் வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு எடைமேடை வரை நானும் கூட நடக்க வேண்டும் என்பது தண்டனை. காலையில் மலைமேல் பனி நன்றாகத்தான் இருக்கிறது. என் முட்டியும் லேசாகத் தேய ஆரம்பித்திருக்கிறது, உன் அம்மா வாய்க்கு இருக்கிற சக்தியைப் பார்த்துக்கொள். வீடு வாங்கும் பத்திரம் அறுபது பக்கம், அதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று போனில் சிரித்தாயே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். படி கண்ணு. அலுப்பாக இருந்தால் மாப்பிள்ளையை வாசிக்கச் சொல்லி, நீ கால் நீட்டி உட்கார்ந்து கேள். வெள்ளிமலைச் சாமை இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறோம், வந்ததும் வெயில் காட்டி வை. அந்த வீட்டில் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இந்தக் கடிதம் ஏன் நீல மையில் இருக்கிறது என்று யோசிக்காதே. பச்சைப் பேனா இன்னும் உன் அம்மாவின் முந்தானை முடிச்சில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மேலே எழுதியதை இரண்டு தரம் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடும் உன் அப்பா,
ராஜாங்கம்