இடுப்பளவு உயர்ந்த வண்டி

அனுப்புநர்:
மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் தையல் வேலை செய்பவர்,
வாரம் இருமுறை ரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) வரும் நோயாளி.

பெறுநர்:
வாகனப் பிரிவுத் தலைமை அலுவலர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: மேட்டுத் தெரு நோயாளிகளை ஏற்றிவரும் ஜீப்பின் உயரத்தைக் குறைத்து, பெரிய டயருக்கும் ஏறுகிறவர்களுக்கும் பொருந்தும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், படி ஆகியவற்றை அமைத்துத் தருதல், நிறுத்திவைக்கப்பட்ட ஓட்டுநரை மீண்டும் பணியில் சேர்த்தல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதில் உள்ளவற்றை ஒரு பெண் தன் கையால் எழுதுவது எளிதல்ல. ஆனால் நான் வாய் திறக்காததால் ஒருவர் வேலையிழந்து நிற்கிறார். ஆகவே எழுதுகிறேன்.

1. எங்கள் தெருவுக்குத் தார்ச்சாலை கிடையாது. ஓடையைக் கடந்து, கற்கள் உருளும் ஏற்றத்தில் ஜீப் மட்டுமே வரும். சென்ற மழைக்காலத்தில் பிரசவ வலியில் இருந்த பெண்ணோடு அந்த ஜீப் ஓடை நடுவில் பாறையில் அடி தட்டி நின்றுவிட்டது. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அன்று தண்ணீரில் நின்று வண்டியைத் தள்ளிய ஓட்டுநர் பிறகு பழைய மனிதராக இல்லை. தங்கள் பிரிவுக்கு நடையாய் நடந்து, பெரிய டயரும் வண்டியைத் தூக்கிக்கொடுக்கும் கனமான ஸ்பிரிங்கும் பொருத்த வைத்தவர் அவரே. அதன் பிறகு ஓடையில் நாங்கள் ஒருமுறைகூட நிற்கவில்லை. இதை மறைத்தால் என் மனு பொய் மனுவாகிவிடும்.

2. குறை என்னவென்றால், டயரால் ஓர் அங்குலமும் ஸ்பிரிங்கால் நான்கு அங்குலமும் வண்டி உயர்ந்துவிட்டது. பாறையில் இடிக்கும் என்று பின்பக்கத் தொங்குபடியையும் கழற்றிவிட்டார்கள். வண்டியின் தளம் இப்போது என் இடுப்புக்கு நேராக இருக்கிறது. உயரத்தை மாற்றியவர்கள் ஷாக் அப்சார்பரை மாற்றவில்லை. பழையது நீளம் போதாமல், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முழுவதும் இழுபட்டு வெட்டி உதைக்கிறது. மூட்டை ஏற்றத் தகுந்த ஸ்பிரிங், உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. சுத்திகரிப்பு முடிந்து திரும்பும் வழியில், ஊசி எடுத்த இடத்தில் போட்ட கட்டு நனைந்து எனக்கு ரத்தம் வந்திருக்கிறது. துணியைச் சுற்றி அழுத்திக்கொண்டு வீடு வந்தேன்.

3. என் எடையை இங்கே எழுத மனம் வரவில்லை. தங்கள் மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள். வண்டியைத் தூக்கிய பிறகு முதல் நாள், நான் கம்பியைப் பிடித்து ஏற முயன்று சறுக்கிவிட்டேன். ஓட்டுநர் கை கொடுத்தார், முடியவில்லை. மளிகைக்கடைக்காரரும் சாமான் இறக்க வந்த இருவரும் ஓடிவந்தார்கள். இரண்டு பேர் மேலிருந்து இழுக்க, இரண்டு பேர் கீழிருந்து தோளைக் கொடுத்துத் தள்ள, தெருவே பார்த்துக்கொண்டிருக்க என்னை ஏற்றினார்கள். நானே தைத்த உடை அக்குளில் கிழிந்தது. யாரோ சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

4. அடுத்த முறை காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். அதற்கடுத்த முறை உறவினர் வருகிறார் என்றேன். யாரும் வரவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, பேச்சு வராமல் போன பிறகே மகன் என்னைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தான். அன்று ஏற்றியது எனக்கு நினைவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

5. கோபத்தில் என் மகன் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, "எங்கம்மாவ மூட்டை மாதிரி கண்ட இடத்துல பிடிச்சு ஏத்துறாங்க, அந்த டிரைவர என்னன்னு கேளுங்க" என்று சொல்லியிருக்கிறான். விசாரிக்க வந்தவர் வாசலில் நின்று, "டிரைவர் உங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டாராம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் பிறகு ஏன் அப்படித் தூக்க நேர்ந்தது என்று கேட்பார். என் உடம்பைப் பற்றி நானே வாசலில் நின்று விளக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் வேறு ஓட்டுநர் வந்தார்.

6. ஐயா, அந்த ஓட்டுநர் தவறாக நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "அக்கா, பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டே கை நீட்டுவார். நான் தேடிப் போனபோது அவர் என்னிடம் சண்டை போடவில்லை. "நான் பாதைய மட்டும்தான் பார்த்தேன்க்கா. ஏறுறவங்கள பார்க்கல. அந்த ஓடைதான் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு" என்றார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்க்கும் தைரியம் எனக்கும் இல்லை. இருவரும் அவர் வீட்டு வாசலில் கிடந்த பழைய டயரைப் பார்த்தே பேசி முடித்தோம்.

7. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவரும் வாரம் ஒருமுறை, வேறொரு நாளில், அதே ஜீப்பில் சுத்திகரிப்புக்கு வந்துகொண்டிருந்தவர். அவர் வருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. காரணம் கேட்டேன். "உங்கள ஏத்துனத ஜன்னல்ல இருந்து பார்த்தேம்மா. உங்களுக்காவது ரெண்டு காலு. என்ன எப்படி ஏத்துவாங்கன்னு நெனச்சுப் பார்த்தேன். போதும்மா, வாழ்ந்தாச்சு" என்றார். என்னைப் பார்த்து ஒருவர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். என்னைப் பார்த்து ஒருவர் சாக முடிவெடுத்ததைத் தாங்க முடியவில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்துதர வேண்டுகிறேன்.

பெரிய டயர் இருக்கட்டும், ஓடைக்கு அது வேண்டும். அந்த டயருக்கு இரண்டு அங்குலம் தூக்கினால் போதும் என்றும், திருப்பும்போது உரசும் இடத்தில் மட்கார்டின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடலாம் என்றும் வண்டி பழுதுபார்க்கும் இருவரிடம் தனித்தனியே கேட்டறிந்தேன். மூட்டைக்கான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஆள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும், புதிய உயரத்துக்கு நீளம் சரியாக இருக்கும் ஷாக் அப்சார்பரும் போட வேண்டும். வண்டி ஓடும்போது மடங்கி, நிற்கும்போது இறங்கும் படி ஒன்று வேண்டும். இவை முடியும்வரை ஒரு மரப்படியாவது வண்டியில் வைத்தனுப்ப வேண்டும்.

ஓட்டுநர் மீதான புகாரை என் மகன் திரும்பப் பெறுகிறான். அவன் கையொப்பமும் கீழே இருக்கிறது. விசாரணையில் நான் காத்த மௌனத்தை ஆமென்று கொள்ளாமல், அவர் மேல் குற்றமில்லை என்ற என் வாக்குமூலமாக இம்மனுவை ஏற்றுக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் தங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் முன்னிலையிலும் வந்து சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. வாத்தியாரிடம் நெடுநேரம் பேசி ஒரு சம்மதம் வாங்கியிருக்கிறேன். வரும் வியாழக்கிழமை காலை அவரை நாற்காலியில் உட்காரவைத்து வண்டியருகே கொண்டுவருவார்கள். அவர் கண் முன்னால் நான் முதலில் ஏற வேண்டும். நான் ஏறினால் அவரும் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். படி வந்தாலும் வராவிட்டாலும் நான் ஏறத்தான் போகிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். ஆனால் அன்று கை கொடுக்க, கேட்டுவிட்டுக் கை நீட்டுகிற அந்த மனிதரை அனுப்பிவையுங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

இடம்: மேட்டுத் தெரு
நாள்: திங்கட்கிழமை

(கையொப்பம்)
தையல்காரம்மா

(கையொப்பம்)
மகன், புகாரைத் திரும்பப் பெறுபவர்