அந்த வருடம் எங்களுடையது அல்ல

மச்சான்,

காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சனிக்கிழமை துப்புரவாக்கினேன். நீ இருக்கிற பக்கத்து இருக்கைக்குக் கீழே உன் கோல் கீப்பர் கையுறை ஒன்று கிடந்தது, இடக்கை. மணந்து பார்த்தேன். ரப்பரும் வியர்வையும், நீ மணிக்கட்டுக்குப் பூசுகிற தைலமும். மூன்று மாதமாகத் தனியே வேலைக்குப் போய் வருகிறேன், இந்த மணம் காருக்குள்ளேயே இருந்திருக்கிறது. மற்றக் கையுறையைத் தேடவும் எனக்கு அலுப்பாக இருந்தது. வாளியையும் துணியையும் வெளியில் விட்டுவிட்டு உன் இருக்கையில் ஏறி இருந்துவிட்டேன்.

டென்மார்க்கில் எங்கள் ஊர் ஸ்கீவவிலிருந்து வேலைக்குப் பிராண்டேக்குப் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். காற்றாலை இறக்கை செய்கிற தொழிற்சாலையில் நாங்கள் செய்த வேலையை விட அந்தப் பாதையில் கதைத்த கதை கூட. எல்லாம் ஒரே கதைதான். யாழ்ப்பாணத்தில் உன் கல்லூரியும் என் கல்லூரியும், உதைபந்தாட்டத்தில் எது பெரியது? கிண்ணங்களை எண்ணக்கூடாது என்பது உன் கட்டளை. கிண்ணம் ஒரு நாள் அதிர்ஷ்டம் என்பாய். வருடங்களைத்தான் எண்ணவேண்டும். ஒரு கல்லூரி அந்த வருடம் எல்லாக் கல்லூரிகளோடும் ஆடியதில், தோற்ற ஆட்டங்களை விட வென்ற ஆட்டங்கள் கூடினால் அது அதற்கு வெற்றி வருடம். சமநிலை எந்தப் பக்கமும் சேராது. ஆமி வந்து மைதானத்தில் இருந்த வருடங்களும், சனம் இடம்பெயர்ந்து வந்து வகுப்பறைகளில் படுத்த வருடங்களும் இரண்டு கல்லூரிக்கும் வெறுமை. "விளையாடாத வருசம் ஒருத்தற்றையும் இல்லை" என்று முடித்துவிடுவாய்.

அதற்காக ஒரு கொப்பி வைத்திருந்தாய். கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் எடுத்து, பழைய கப்டன்மாரை நித்திரையால் எழுப்பி ஒவ்வொரு வருடத்தையும் நிரப்பினாய். கடைசியில் எங்கள் கல்லூரி ஒரு வருடத்தால் முந்தி நின்றது. அந்த ஒன்று எது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் நீயும் எதிர் எதிரே விளையாடிய கடைசி வருடம்.

உன் ஆட்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வந்த நடுவர் எங்கள் வாத்தியாரின் மச்சான் என்று வருடக்கணக்காகக் கத்தினார்கள். அவர்களை அடக்கினது நீதான். கோல் என்றால் கோல், விட்டவன் நான், அது அவர்களின் வருடம் என்று உன் கையாலேயே எழுதினாய். அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியாது. தெரிய நான் விடவில்லை.

அந்தக் கோலை நீ எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பாய்! வலப்பக்கத்திலிருந்து உயர வந்த பந்து. நீ முன்னுக்கு வந்து எழும்பினாய், உன்னோடு ஐந்தாறு பேர் எழும்பினோம். பந்து உன் இரண்டு கைக்கும் நடுவால் போய் வலைக்குள் விழுந்தது. என் தலையில் பட்டுப் போனதென்று எங்கள் பெடியள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நீ உன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்று பின்னேரமே உன் கல்லூரியில் உனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மா அரிக்கிற அரிதட்டு. அந்தப் பெயர் விசா இல்லாமல் டென்மார்க்குக்கும் வந்து சேர்ந்தது. டோஸ்ட்ருப்பில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் "எட, அரிதட்டு வந்திட்டான்" என்பார். நீயும் சிரிப்பாய். வீட்டுக்கு வருகிற வழியில் கதைக்கமாட்டாய்.

இங்கே அகதி முகாமில் என்னை முதல் கண்ட நாள் நினைவிருக்கிறதா? இடுப்பளவு பனிக்குள் நின்று, "நீதானே எங்களுக்குக் கோல் அடிச்சவன்" என்று கட்டிப்பிடித்தாய். அந்த ஊரில் என்னை முன்பே தெரிந்த ஒரே ஆள் நீ. அப்போதே சொல்லியிருக்கலாம். இப்போது வேண்டாம், கொஞ்சம் பழகட்டும் என்று விட்டேன். பழகிய பிறகு பழகிவிட்டோமே என்று விட்டேன். சொல்லாததற்கு எப்போதும் ஒரு நியாயம் கைவசம் இருந்தது, கோழைக்கு அதற்கா பஞ்சம்.

போன மாரியில் வைத்தியசாலையிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாய். நித்திரை என்று நினைத்தேன். திடீரென்று கேட்டாய்.

"கைக்கு வந்த பந்து மச்சான். நான் ஏன் அதை விட்டனான்?"

அறுபதை எட்டிப் பிடிக்கிற மனிதன், டொக்டர் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அதைக் கேட்டாய். என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

"வெயில் கண்ணில அடிச்சிருக்கும்."

நீ நெடுநேரம் யோசித்தாய். "ஓம், வெயிலாத்தான் இருக்கும்," என்றாய். உன் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. இந்த நாட்டில் பழகிய முப்பது வருடத்தில் நான் உனக்குச் செய்த கெட்ட காரியங்களில் அதுதான் ஆகக் கெட்டது.

செத்தவீட்டில் உன் கல்லூரிச் செயலாளர் பேசினார். நல்லாகத்தான் பேசினார். முடிவில் "எங்கட அரிதட்டு" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார். சனம் அழுதுகொண்டே சிரித்தது. பக்கத்திலிருந்த உன் மகள் அது என்ன சொல் என்று டெனிஷில் என்னிடம் கேட்டாள். குசினிச் சாமான் ஒன்று என்றேன்.

கோடையில் இரண்டு கல்லூரிச் சங்கமும் சேர்ந்து ஒன்றுகூடல் வைக்கிறார்கள், நினைவு மலர் ஒன்றும் அச்சிடுகிறார்கள். உன் கொப்பியை உன் மனைவி என்னிடம் தந்துவிட்டிருந்தார். அட்டவணையை நான் எழுதிக் கொடுக்கவேண்டும். மூன்று கிழமை இழுத்தடித்தேன். பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து, அந்தக் கோலை எடுத்துவிட்டேன். அந்த ஆட்டம் சமநிலை. அதோடு எங்களுக்கு வென்றதும் தோற்றதும் சரிசமம், உங்களுக்கு வென்றது ஒன்று கூட; அந்த வருடம் எங்கள் வெற்றி வருடம் இல்லை, உங்களுடையது. மொத்தத்தில் நீங்கள் ஒன்றால் முன்னுக்கு. உன் எழுத்துக்கு மேலால் நான் கோடு போட்ட இடம் அது ஒன்றுதான்.

அனுப்பி அரை மணித்தியாலத்தில் எங்கள் சங்கத் தலைவர் அண்ணை டோஸ்ட்ருப்பிலிருந்து போன் எடுத்தார். விசரோ என்று கேட்டார். சொந்தக் கல்லூரியை விற்கிறாயோ என்று கேட்டார். எனக்குச் சண்டை பிடிக்கப் பெலன் இல்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அது என்ர தலையில படேல்லை அண்ணை. கையாலதான் தட்டினனான். அவன்ர கைக்குப் போக முந்தித் தட்டினனான்."

 அவருடைய குரல் இளகிப்போயிற்று.

"செத்துப்போன சிநேகிதனுக்காக இப்பிடி ஒரு பழியைத் தலையில போட உன்னாலதான் ஏலும். நல்ல மனசடா உனக்கு."

உண்மை அண்ணை, சத்தியமாக உண்மை என்றேன். ஓம் ஓம் என்றார். பொய்யைத்தான் நாற்பது வருடம் நம்பினார்கள், உண்மையை ஒரு நிமிடம் நம்ப ஆளில்லை. மலரில் அட்டவணைக்குக் கீழே நட்பைப் பற்றி நாலு வரி போடப் போகிறார்களாம். உன் கல்லூரிச் செயலாளரும் எடுத்து நன்றி சொன்னார். "அரிதட்டு இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பான்" என்றார். அந்தப் பெயர் போகவில்லை மச்சான். நான் என்ன எழுதினாலும் இனி அது போகாது.

இதை நம்பக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான் இருந்தாய். அந்தப் பந்து எவ்வளவு கிட்ட வந்தது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீ கோபப்பட்டிருப்பாய், பாதி வழியில் காரை நிற்பாட்டச் சொல்லி இறங்கியிருப்பாய், ஒரு கிழமை பஸ்ஸில் போயிருப்பாய். அதைத் தாங்கப் பயந்துதான் சொல்லவில்லை.

கார் பரிசோதனையில் தேறிவிட்டது. கையுறையைத் திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறேன். விடிய ஐந்து மணிக்கு வழமை போல் உன் வீட்டு வாசலால்தான் போகிறேன், காலும் தன்பாட்டில் பிரேக்கில் போகிறது. அந்தப் பந்து பட்ட இடம், வலக்கை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

வெயில் இல்லை மச்சான். அன்றைக்கு மழை மூட்டம். நீ அதைப் பிடித்திருப்பாய்.