பிறந்த வீட்டுக் கோடிச்சேலை

தம்பிக்கு அக்கா எழுதுவது.

கொரோனா வருஷத்தில், மாரடைப்பில் போன உன் மச்சானைத் தூக்கும்போது என் வாசலில் இருந்தவர்கள் மகன் தமிழரசு, மருமகள் மதுமதி, ஆம்புலன்ஸ் டிரைவர் ஆண்ட்ரூஸ். நாலாவது நான்.

புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போட வேண்டியவன் நீ. மோகனூரிலிருந்து போனில், "ரூல்ஸுங்க அக்கா. கட்சிக்காரன் நானே மீறுனா ஊரு என்ன பேசும்?" என்றாய். நம்பினேன். ஆண்ட்ரூஸ்தான், "நானும் உங்க தம்பிதானுங்க அக்கா" என்று மதுமதியின் புதுச்சேலையை வாங்கி என் தோளில் போட்டான்.

ஒன்பதாம் நாள் உன் தலைவர் வீட்டுக் கல்யாணத்தை மதுமதி போனில் காட்டினாள். ஆயிரம் பேர், ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. நம்மையெல்லாம் வீட்டுக்குள் இருக்கச் சொன்ன தலைவர் நடுவில் நின்று சிரிக்கிறார். பக்கத்தில் நீ, கையில் பட்டுச்சேலைத் தட்டோடு.

இப்போது ஓட்டுக் கேட்க அவரை என் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வருஷம் உங்கள் சின்னத்துக்கே போட்ட கை இது. அவர் வரட்டும். மோர் கொடுத்து, ஓட்டு இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். அவர் எனக்கு யாரோ. நீ என் வாசலை மிதிக்காதே. நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் ஒருவன்தான்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் அக்கா என்று இவள் காலைச் சுற்றி வந்த தீனதயாளனை மன்னிக்காதவள்.